எல்லாத் தேடலிலும் சோலைமலை

"தனுஜா, ஒனக்கு ஒரு மாப்பிள்ள பாத்துட்டேன்."

அம்மா போனில் இப்படிச் சொன்னபோது தனுஜா ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு கையில் குடையும் மறு கையில் சாப்பாட்டுப் பையுமாகச் சேற்றைத் தாண்டிக்கொண்டிருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தாள். மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் அது நழுவப் பார்த்தது.

"யாரும்மா?"

"சோலைமலைன்னு பேரு. பூண்டுலோயாக்காரரு. த்ரீவீல் வண்டி ஓட்டிக்கிட்டு பேக்கரிப் பாண் விக்கிறாராம். வயசு கொஞ்சம் கூடத்தான், முப்பத்தொம்பது. ஆனா புள்ள, நான் என்னா போட்டுத் தேடினாலும் அவருதான் வாறாரு. டீச்சர்னு போட்டேன், வந்தாரு. பேங்க்னு போட்டேன், வந்தாரு. முப்பது வயசுக்குள்ளன்னு போட்டேன், அப்பயும் வந்தாரு. சாமியே காட்டுறாருன்னு நெனக்கிறேன்."

தனுஜாவின் அம்மா அம்மாக்கண்ணு, திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். மகள் ஒரு பழைய போனைக் கொடுத்துப் பழக்கிவிட்ட நாளிலிருந்து, மகள் நடத்தும் கல்யாண இணையதளத்திலேயே மகளுக்கு மாப்பிள்ளை தேடுவது அவளுடைய பொழுதுபோக்கு. தனுஜா அதை இதுவரை சிரித்துத்தான் கடந்திருந்தாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. சாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, போன வாரம் தான் கை வைத்த ஏதோ ஒன்றுதான் இந்த வேலையைச் செய்கிறது என்று அவளுக்கு அந்த இடத்திலேயே பட்டுவிட்டது.

'மலைச்சாரல் மணமாலை' என்ற அந்தத் தளத்தை முதல் வரியிலிருந்து கட்டியவள் அவள்தான். யோசனை மட்டும் பிரதாபனுடையது. பஜாரில் மூன்று தலைமுறையாகச் சேலைக்கடை வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. கல்யாணம் பெருகினால் சேலை விற்கும் என்பது அவர் கணக்கு. கடைக்கு மேலே, மூட்டை மூட்டையாய்ப் பழைய ஸ்டொக் கிடந்த அறையைக் காலி செய்து, ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் ஜன்னலுக்கு ஒரு திரையும் போட்டுக் கொடுத்திருந்தார்.

தனுஜா படியேறும்போதே மேலே போன் அடித்துக்கொண்டிருந்தது.

கந்தப்பளையிலிருந்து ஒருவர். "என் மகளுக்கு இஞ்சினியர் மாப்பிள்ள வேணும்னு போட்டா, பாண் விக்கிறவர்னு ஒருத்தர் வாறாரும்மா. நல்ல மனுசரா இருக்கலாம். ஆனா நான் இஞ்சினியர்னுதானே போட்டேன்?"

அடுத்து அழைத்த ஓர் அம்மாவுக்கு வந்த கோபம் வேறு விதம். "மகனுக்குப் பொண்ணு தேடுறேன். மொத ஆளா மீசை வச்சிக்கிட்டு ஒரு ஆம்பள நிக்கிறாரு. என்னா சைட்டு நடத்துறீங்க நீங்க?"

தனுஜா நாற்காலியில் உட்காராமலேயே தேடிப் பார்த்தாள். நுவரெலியா, டொக்டர், இருபத்தெட்டு வயதுக்குள். சோலைமலை வந்தார். மணமகள், ஹட்டன், நர்ஸ். நர்ஸ்மார்களுக்கெல்லாம் மேலே, நீலச் சட்டையும் அடர்ந்த மீசையுமாக, படம் எடுப்பவர் சொன்னதற்காகச் சிரிக்கிற சிரிப்போடு சோலைமலை வந்தார். அவள் தன்னை மறந்து 'அட கடவுளே' என்றாள்.

பிரதாபன் பிளேன்டீ கோப்பையோடு மேலே வந்தார். "என்னா தனுஜா, இந்த வாரம் நம்ம சைட்டுக்கு நல்ல கூட்டமாம்?"

"கூட்டம்தான் சேர். எல்லாரும் ஒரே மாப்பிள்ளையப் பாக்க வாறாங்க."

விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்தார், பிறகு யோசித்தார், யோசித்தபின் மறுபடியும் சிரித்தார். "கொஞ்ச நாளைக்கு இப்படியே விட்டா என்ன?" என்று கேட்டவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சரி, செஞ்சுரு" என்று இறங்கிப் போனார்.

அவர் இறங்கின கொஞ்ச நேரத்தில் பஜார் ரோட்டில் பாண் வண்டியின் இசை கேட்டது. தூரத்தில் தொடங்கி, கிட்டே வந்து, கடைக்கு நேர் கீழே வந்ததும் சட்டென்று நின்றது. மரப்படி கிறீச்சிட்டது. கதவருகில் அந்த மீசை தெரிந்தது.

படத்தைவிட நேரில் மெலிந்த ஆள். கையில் ஒரு பை நிறைய, மீன் வைத்த மாலு பணிஸ். உள்ளே வரலாமா வேண்டாமா என்று செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார்.

"மிஸ், நான் சோலைமலை."

"தெரியும் அண்ணே," என்றாள் தனுஜா. "இன்னைக்கு இந்த மலையில ஒங்களத் தெரியாதவங்க இல்ல."

அவர் கோபத்தோடு வரவில்லை. குழம்பிப் போய் வந்திருந்தார். தங்கச்சிதான் தன் போனிலிருந்து அவரைப் பதிந்து விட்டிருக்கிறாள். மாதக்கணக்காக ஒரு அழைப்பும் வராமல் இருந்து, போன வாரத்திலிருந்து போன் ஓயவில்லை. "பாண் குடுக்க விடமாட்டேங்குறாங்க மிஸ். ஒரு கையில பாணு, ஒரு கையில போனு. நான் டொக்டரான்னு கேக்குறாங்க. லண்டன்ல இருந்து எப்ப வந்தீங்கன்னு கேக்குறாங்க. இல்லைங்க, நான் பேக்கரியில இருந்து வாறேன்னு சொன்னா ஏசுறாங்க. நான் அம்புட்டு நல்ல மாப்பிள்ள இல்ல மிஸ். என்னைய எடுத்து விட்டுருங்க."

"எடுக்க வேண்டாம் அண்ணே. ஒக்காருங்க. கோளாறு ஒங்ககிட்ட இல்ல, நான் எழுதினதுல இருக்கு."

தேடல் பெட்டியில் ஒருவர் எதைக் கேட்டாலும் அதை ஒரு கேள்வியாக மாற்றித் தரவுத்தளத்திடம் அனுப்புவதுதான் அந்தத் தளத்தின் உயிர். பாடப்புத்தகத்தில் அதற்கு வினவல் என்று பெயர், வேலை செய்கிறவர்கள் வாயில் குவெரி. தனுஜா அந்தக் குவெரியை வெளியே எடுத்து நேராகவே ஓட்டிப் பார்த்தாள். சோலைமலை வந்தார். தொழில் என்ற நிபந்தனையை நீக்கினாள். வந்தார். வயதை நீக்கினாள். வந்தார். ஆணா பெண்ணா என்பதையும் நீக்கினாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சோலைமலையும் திரையில் ஒரு சோலைமலையும் ஒன்றாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில், போன வாரம் தான் புதிதாகச் சேர்த்த துண்டை வெட்டினாள். திரையிலிருந்த சோலைமலை மறைந்துபோனார்.

"ஆ!" என்றாள்.

"போயிட்டேனா?" என்று எட்டிப் பார்த்தார் அவர்.

'சிறப்பு உறுப்பினர்' என்று ஒன்று வேண்டுமென்று பிரதாபன் கேட்டிருந்தார். வேறு ஊர் போட்டுத் தேடினாலும் அப்படிப்பட்டவர்களை முதலில் காட்டவேண்டும். அதற்காக 'அல்லது' போட்டு ஒரு வரி சேர்த்திருந்தாள். அடைப்புக்குறி போட மறந்திருந்தாள்.

"இப்படி வச்சிக்குங்க அண்ணே. நான் சொல்ல நெனச்சது, 'பொண்ணா இருக்கணும், நர்ஸா இருக்கணும், ஹட்டன்காரங்களா இருக்கணும், இல்லாட்டி சிறப்பு உறுப்பினர்னா ஊரு வேறயா இருந்தாலும் பரவாயில்ல.' ஊருக்கு மட்டுந்தான் அந்த விட்டுக்கொடுப்பு. நான் எழுதினத கம்ப்யூட்டர் எப்படிப் படிச்சிருக்கு தெரியுமா? 'பொண்ணு, நர்ஸு, ஹட்டன், இப்படி ஆள் இருந்தா கொண்டா. இல்லாட்டி சோலைமலையக் கொண்டா.'"

சோலைமலை சற்று நேரம் யோசித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "அது சொன்னதத்தான் செஞ்சிருக்கு பாவம்."

"ஆனா நீங்க எப்படிச் சிறப்பு உறுப்பினர் ஆனீங்க? அதுதான் வெளங்கல."

அந்த விளக்கம் கீழே கடையிலிருந்து வந்தது. புதிய பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க, கண்ணில் பட்ட முதல் பெயரில் பிரதாபன்தான் அமுக்கியிருக்கிறார். பிறகு ஒரு கல்யாண வீட்டார் முகூர்த்தச் சேலைக்கு வந்துவிட்டதால் மறந்துபோனார்.

தனுஜா கடைசி இரண்டு நிபந்தனைகளைச் சுற்றி அடைப்புக்குறி போட்டாள். மணமகள், ஹட்டன், நர்ஸ் என்று தேடினாள். நர்ஸ்மார் மட்டும் வந்தார்கள். இஞ்சினியர் கேட்டால் இஞ்சினியர் வந்தார். "முடிஞ்சுது அண்ணே. இனி ஒங்கள யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

சோலைமலை எழுந்தார். ஆனால் போகவில்லை. ஜன்னல் வழியே கீழே நின்ற தன் வண்டியைப் பார்த்தார். மழை தூறிக்கொண்டிருந்தது.

"ஒரு ஆள் மட்டும் தொந்தரவு பண்ணினா பரவாயில்ல மிஸ்."

தனுஜா திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு பொம்பள பேசினாங்க. தம்பிக்குப் பொண்ணு தேடுனாங்களாம். 'பூண்டுலோயாவுல பொண்ணு கேட்டா நீங்க மட்டும் வந்து நிக்கிறீங்களே, வெக்கமா இல்லையா?'ன்னு நல்லா ஏசினாங்க. அந்த நேரம் மழ புடிச்சிருச்சி. வண்டி ஹூட்டு கிழிஞ்சி பாணெல்லாம் நனையுது, கொஞ்சம் இருங்க அம்மான்னேன். ஏசுறத நிப்பாட்டிட்டாங்க. எந்தப் பக்கம் கிழிஞ்சிருக்குன்னு கேட்டாங்க. அவங்க த்ரீவீலுக்கு சீட்டும் ஹூட்டும் தைக்கிறவங்களாம். கிழிசல் மேல அப்படியே தைச்சா ஊசி ஓட்டையில தண்ணி எறங்கும், உள்பக்கமா ஒரு துண்டு வச்சி ஒட்டணும்னு சொல்லித் தந்தாங்க. பெறகு நாங்க ரெண்டு பேருமே சிரிச்சிட்டோம். எதுக்குன்னு தெரியல. ரொம்ப நேரம் பேசினோம்."

"நம்பர் இருக்குமே?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்துக் காட்டினார். "இதுல கொஞ்ச நம்பருதான் நிக்கும். அதுக்குப் பெறகு வந்த லண்டன்காரங்க, டொக்டர்காரங்க எல்லாம் அவங்கள வெளிய தள்ளிட்டாங்க. பேரும் கேக்கல. ஹூட்டு விஷயமா இன்னொரு சந்தேகம் இருக்கு மிஸ், அதுக்குத்தான்."

"ஹூட்டு விஷயமா."

"ஆமா."

அவர் காது சிவந்திருந்தது. தனுஜாவுக்கு அந்தக் காதைப் பார்த்ததும் காலையிலிருந்து இருந்த சலிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "நம்பர் எடுத்துத் தர மாட்டேன் அண்ணே, அது அவங்களோட சொந்த விஷயம். ஆனா யாருன்னு கண்டுபுடிச்சா நானே பேசிப் பாக்குறேன். அவங்களுக்கு விருப்பம்னா அவங்களே எடுக்கட்டும்."

யார் எப்போது எதைத் தேடினார்கள் என்பதைத் தளம் பதிந்து வைக்கும். அதனிடம் கேட்டாள்: போன வாரம், மணமகள் வேண்டும் என்று, பூண்டுலோயா என்று ஊர் போட்டுத் தேடியவர் யார்?

பதில் வந்தது. ஒருவரும் இல்லை.

"ஊர சரியாத்தான் கேட்டீங்களா?"

"பூண்டுலோயான்னு சொல்லித்தானே மிஸ் ஏசினாங்க! எங்க ஊரு எனக்குத் தெரியாதா?"

மறுபடியும் தட்டினாள். ஒருவரும் இல்லை. இப்போதுதான் வேண்டாத ஆள் ஓயாமல் வந்த கதையை முடித்தாள். வேண்டிய ஆள் வராத கதை தொடங்கிவிட்டது. ஊர் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, மணமகள் தேடிய எல்லோரையும் வரவழைத்து ஒவ்வொரு வரியாகக் கண்ணால் படித்துக்கொண்டு போனாள். பாதி தூரத்தில் அவள் விரல் நின்றது.

பூண்டுலோயா. பச்சையாக, பளிச்சென்று, அங்கேயே இருந்தது.

"இருக்கே! பின்ன ஏன் இல்லன்னு சொல்ற நீ?" என்று கம்ப்யூட்டரை ஏசினாள். அவள் தட்டிய பூண்டுலோயாவையும் அந்தப் பூண்டுலோயாவையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். சோலைமலையையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். ஒன்றுதான் என்றார் அவரும். அங்கிருந்ததையே பிரதி எடுத்து ஒட்டித் தேடினாள். உடனே வந்தது. கையால் தட்டினால் வராது, ஒட்டினால் வருகிறது.

இரண்டின் நீளத்தையும் எண்ணிச் சொல்லும்படி கேட்டபோது குட்டு வெளிப்பட்டது. அந்தப் பூண்டுலோயா இவளுடையதைவிட ஒரு குறி நீளமாக இருந்தது.

'லோ'தான் காரணம். இவள் விசைப்பலகையில் அந்த ஓகாரம் ஒரே குறி. வேறு சில போன்களில் இரட்டைக்கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் பதிவாகும். திரையில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே மாதிரி நிற்கும். கண்ணுக்கு ஒரே ஊர். அவளுடைய தரவுத்தளத்துக்கு இரண்டு வெவ்வேறு ஊர்.

தனுஜா நாற்காலியில் சாய்ந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஏன் சோலைமலை மட்டும் வந்தார் என்பது இப்போது விளங்கியது. தளத்தில் பூண்டுலோயாப் பெண்கள் பலர் இருந்தும் அவள் எழுதிய ஊரில் ஒருவரும் அகப்படவில்லை. 'இல்லாட்டி சோலைமலையக் கொண்டா' என்ற உத்தரவு மட்டும் வேலை செய்திருக்கிறது. அதோடு இன்னொன்றும் விளங்கியது, அதுதான் மனதைக் குத்தியது. பூண்டுலோயா மட்டுமா? கொட்டகலையில் 'கொ' இருக்கிறது, பொகவந்தலாவையில் 'பொ' இருக்கிறது. தளம் தொடங்கிய நாளிலிருந்து அந்த ஊர்க்காரர்கள் எத்தனை பேர் ஒருவரை ஒருவர் தேடி, 'இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்? பக்கத்துத் தோட்டத்து ஆளாகக்கூட இருந்திருக்கும்.

"மிஸ், ஆள் கெடைக்கலையா?" என்றார் சோலைமலை மெதுவாக.

"கெடைச்சிட்டாங்க." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாகலெட்சுமி, வயது முப்பத்தாறு, பொகவந்தலாவை, தையல் கடை. "நீங்க கீழ போயி பாண் வித்துக்கிட்டு இருங்க. நீங்க பாத்துக்கிட்டு நின்னா எனக்குப் பேச வராது."

அவர் இறங்கிப் போனார். தனுஜா அழைத்தாள். மறுமுனையில் தையல் இயந்திரம் கடகடவென்று ஓடும் சத்தத்துக்கு நடுவே, "யாருங்க?" என்றது ஒரு கனத்த குரல்.

தனுஜா தன்னை அறிமுகம் செய்துகொண்டு, தளத்தில் நடந்த தவறுக்கு முதலில் மன்னிப்புக் கேட்டாள். தம்பிக்குப் பெண் தேடியபோது பாண்காரர் வந்ததற்கு அவர் பொறுப்பில்லை, தான்தான் பொறுப்பு என்றாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவருக்கு ஒங்ககிட்ட ஹூட் சம்பந்தமா ஒரு சந்தேகம் கேக்கணுமாம். ஒங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா பரவாயில்ல" என்றாள்.

தையல் இயந்திரம் நின்றது.

"அவரு இன்னும் அத ஒட்டலையா?"

"தெரியலைங்க."

"ஒட்டியிருக்க மாட்டாரு. சொல்லும்போதே நெனச்சேன்." கத்தரிக்கோலை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. "நானும் நம்பர் இருக்குன்னு ரெண்டு தடவ எடுத்தேன். எப்பயும் பிசி, பிசின்னே வந்துச்சி. பெரிய எடத்துச் சம்பந்தமெல்லாம் பேசுறாரு போலன்னு விட்டுட்டேன்."

"ஐயோ, அது நாங்க பண்ணின வேலைங்க. இனிமே அவரு போன் அடிக்கவே அடிக்காது!"

நாகலெட்சுமி சிரித்தாள். ஓர் ஆணைப் போல வாய்விட்டுச் சிரித்தாள். "போன்ல பேசி என்னா ஆகப்போகுது? ஹூட்டுக்கு அளவெடுக்கணும்னா வண்டி வரணும். ஞாயித்துக்கிழம கொண்டாரச் சொல்லுங்க. பகல் சாப்பாட்டுக்கு முந்தியே வரச் சொல்லுங்க."

தனுஜா ஜன்னலுக்கு ஓடினாள். கீழே சோலைமலை ஒரு கிழவருக்குப் பாண் சுற்றிக் கொடுத்துக்கொண்டு, கண்ணை மட்டும் மேலே வைத்திருந்தார்.

"அண்ணே! ஞாயித்துக்கிழம! பொகவந்தலாவ! சாப்பாட்டுக்கு முந்தி!"

பஜாரே நிமிர்ந்து பார்த்தது. சோலைமலை கையிலிருந்த பாணைக் கிழவருக்குக் கொடுத்தார். இன்னொன்றையும் எடுத்துக் கொடுத்தார். அடுத்து நின்றவருக்கு மீதிக் காசைக் கொடுக்க மறந்தார். அவர் கேட்கவும் மறந்தார்.

அன்று பின்னேரம் முழுவதும் தனுஜா இருந்த இடத்தைவிட்டு எழவில்லை. முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்தாள். பிறகு தளத்தில் இருந்த ஒவ்வொரு ஊரையும் பெயரையும் ஒரே வகை எழுத்துக்கு மாற்றினாள். இனிமேல் யார் எந்தப் போனில் எப்படித் தட்டினாலும் உள்ளே வரும்போதே அது அந்த வகைக்கு மாறிவிடும்படி செய்தாள். முதல் முறை ஓட்டியபோது பாதியில் நின்றது. ஓர் இடத்தில் காற்புள்ளியை விட்டிருந்தாள். இரண்டாம் முறை ஓடியது. வெளியே மூடுபனி இறங்கி எதிர்க்கடைப் பலகையை மறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு வகை எழுத்திலும் பூண்டுலோயா, கொட்டகலை, பொகவந்தலாவை என்று ஊர் ஊராகப் போட்டுப் பார்த்தாள். முகங்கள் வந்துகொண்டே இருந்தன. இதுவரை ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்த முகங்கள். கொழுந்தெடுக்கிறவள், பஸ் கண்டக்டர், ஆசிரியை, தபால்கந்தோரில் வேலை செய்கிறவன். அவளுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லாததால் தட்டியும் விட்டாள்.

அடுத்த வாரம் வந்த அழைப்புகளில் ஏச்சு இல்லை. கொட்டகலையிலிருந்து ஒரு தகப்பன், "ஒரு வருசமாத் தேடுறேன்மா, இம்புட்டுப் பேரு எங்க இருந்தாங்க?" என்று கேட்டார். நாகலெட்சுமியின் தம்பிக்குப் பூண்டுலோயாவிலேயே பெண் அமைந்தது. ஆனால் அக்காவுக்குக் கல்யாணம் முடியாமல் தனக்கு வேண்டாம் என்று அவன் நின்றுவிட்டான். அதனால் அக்காவின் கல்யாணம் முந்திக்கொண்டது.

தாலி கட்டியது பொகவந்தலாவைக் கோயிலில். சாப்பாடு பாடசாலை மண்டபத்தில். பிரதாபன் கூறைச் சேலையைத் தன் அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "பட்டன அமுக்கினது நான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நாகலெட்சுமி உயரமான பெண். மாலையும் கழுத்துமாக நின்றபோதும், பந்தல் துணி ஒரு பக்கம் தொய்ந்திருப்பதைக் கண்டு இழுத்துக் கட்டச் சொன்னாள். சோலைமலை அவள் சொன்ன பக்கமெல்லாம் பார்த்தார். தனுஜாவைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். நாகலெட்சுமி அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, "சாப்பிடாமப் போனா நடக்கிறதே வேற" என்று மிரட்டினாள்.

சாப்பாடு முடிந்து மாப்பிள்ளை பெண்ணை அழைத்துப் போகும் நேரம், மண்டபத்துக்கு வெளியே தப்பு அடிக்கத் தொடங்கினார்கள். முதலில் பூண்டுலோயாக்காரர்கள் இறங்கினார்கள். அவர்களுக்குச் சளைக்காமல் பொகவந்தலாவைக்காரர்கள் இறங்கினார்கள். தனுஜா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் ஆடுகிற பெண் இல்லை அவள். பள்ளிக்கூடக் கலைவிழாவிலும் திரைக்குப் பின்னால் நின்றவள்தான். யாரோ ஒரு சிறுமி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ஐயோ, எனக்கு வராது" என்றாள். தப்பு ஒரு சுற்று சுற்றி அடி மாறியது. அவள் செருப்பைக் கழற்றி சுவரோரம் வைத்தாள், சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள், வட்டத்துக்குள் இறங்கி, மூச்சு முட்டும் வரை ஆடினாள்.